கோட்டுக்கு நான்கு விரல் கீழே

எங்கள் வீட்டுக்கு மீன்தொட்டி அக்காவின் மடியில் வந்தது. வேலூரிலிருந்து திருப்பத்தூர் வரை பஸ், அங்கிருந்து புதூர்நாட்டுக்கு ஜீப். அவ்வளவு தூரமும் வெற்றுக் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்து, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் டப்பாவுக்குள் மீனையும் வைத்துக்கொண்டு அவள் வந்திருந்தாள். கோழி, ஆட்டுக்குட்டி, ஒருமுறை தையல் மெஷின் என்று மடியில் எதை எதையோ வைத்துக்கொண்டு மலையேறியவர்களை அந்த ஜீப் பார்த்திருக்கிறது. மீனை வைத்துக்கொண்டு வந்தவள் அக்கா ஒருத்திதான். அதுவும் குழம்புக்கு ஆகாத மீன் என்று தெரிந்ததும், உடன் வந்தவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்களாம்.

அக்கா அப்போது வேலூரில் நர்சிங் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பெண் அவள்தான். எனக்குப் பத்து வயது. படிப்பு முடிந்து கிளம்பிய மூத்த மாணவி ஒருத்தி, விடுதி அறையில் இந்தத் தொட்டியை அக்காவிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று மீன் இருக்க வேண்டும், இல்லை நீ இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது அக்கா அதை எங்களிடம் சேர்த்துவிட்டாள்.

அது பைட்டர் மீன். நல்ல நீலம். வால் மட்டும் உடம்பைவிடப் பெரியதாக, அளவெடுக்காமல் தைத்த பாவாடை மாதிரி தொங்கும். தொட்டியின் விளிம்பில் ஒரு சின்ன மோட்டார் மாட்டியிருந்தது. அது ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பஞ்சில் வடிகட்டி, மேலே ஒரு வாய் வழியாகத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விடும். அக்கா தொட்டியை டி.வி. மேசைமேல் வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். பிறகு தன் நகப்பூச்சை எடுத்து, அந்த வாய்க்கு நேராகக் கண்ணாடியில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள்.

"பாப்பா, தண்ணி எப்பவும் இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும். கொறைஞ்சா ஊத்து. மோட்டார்லருந்து தண்ணி வழுக்கிக்கினு எறங்கணும், வுழக் கூடாது. புரியுதா?"

ஏன் விழக்கூடாது என்று நான் கேட்கவில்லை. பத்து வயதில் நான் கேட்காத கேள்விகளில் அது ஒன்று. மற்றபடி, மீனுக்குப் பெயர் வைக்கலாமா, அது தூங்குமா, தூங்கினால் முழுகிவிடாதா என்று நூறு கேட்டேன். வேலூருக்குக் கிளம்பும்போது அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பொங்கலுக்கு வர்றப்போ இது உசுரோட இருக்கணும். ஒன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்," என்றாள். அதுவரை என்னை நம்பி யாரும் எதையும் விட்டுவிட்டுப் போனதில்லை. ஆட்டுக்குட்டியைக்கூட.

மறுநாள் காலை அப்பா தொட்டிமுன் உட்கார்ந்து கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார்.

"இன்னா பாப்பா, சத்தமே இல்லியே. மோட்டாரு ஓடுதா, தூங்குதா?"

"ஓடுதுப்பா. அக்கா இப்டித்தான் இருக்கணும்னுச்சு."

அப்பாவுக்குச் சமாதானமாகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் மலையில் நின்ற தண்ணீரை ஆட்டுக்குத்தான் காட்டுவார்கள். கானாற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பக்கத்திலேயே முட்டியளவு நின்றாலும், நாலு பாறை தாண்டிப்போய் விழுகிற இடத்தில்தான் குடத்தைப் பிடிப்போம். ஒருமுறை சோம்பேறித்தனமாக நான் நின்ற தண்ணீரில் முக்கிக் கொண்டுவந்த குடத்தை, அம்மா அப்படியே முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டார். தண்ணீர் என்றால் அது ஓட வேண்டும், விழ வேண்டும், சத்தம் போட வேண்டும். சத்தம் போடாத தண்ணீர் எங்களுக்குச் செத்த தண்ணீர்.

"கானாத்துல மீனு எங்க கெடைக்கும்? தண்ணி வுழற எடத்துல. நிக்கிற தண்ணியில தவளதான் கெடைக்கும்," என்ற அப்பா, சொம்பை எடுத்து மொள்ளத் தொடங்கினார். கோட்டுக்கு ஒரு விரல் கீழே போனதும் லேசாகச் சலசலத்தது. இரண்டு விரலுக்கு இன்னும் கொஞ்சம். நான்கு விரல் இறங்கியதும் மோட்டாரின் வாயிலிருந்து தண்ணீர் தொபதொபவென்று கொட்டி, அடிவரை நுரைத்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டுக்குள் ஒரு அருவி வந்துவிட்டது.

மீனை அது முதலில் ஒரு மூலைக்குத் தள்ளியது. மீன் திரும்பியது. தலையை அருவிக்கு நேராக வைத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய வாலையும் ஆட்டி ஆட்டி எதிர்த்து நீந்தியது. நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் முன்னேறுவது, அடித்துக்கொண்டு பின்னால் போவது, மறுபடி வருவது.

அப்பா தொடையில் தட்டினார். "ஏறுது பாரு! எதிரேறுது பாரு!"

எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா இருந்த இரண்டு நாளும் அந்த மீன் ஒரு கல்மேல் படுத்துக்கிடந்து, எப்போதாவது மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது பார்த்தால் ஒரு நிமிடம் சும்மா இல்லை.

செய்தி பரவியது. பெரியப்பா வந்து பார்த்தார். அவர் வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஆடு மேய்க்கப் போகிறவர்கள் தொரட்டியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லோரிடமும் அப்பா ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "எங்க பொண்ணு கீழ போயி எதிரேறுறா. அவ கொண்ணாந்த மீனும் எதிரேறுது." சொல்லிவிட்டுக் கேட்டவர் முகத்தைப் பார்ப்பார். ஆமாம் என்று தலையாட்டினால்தான் காப்பி வரும்.

மின்சாரம் போகிற நாட்களில்தான் எங்களுக்குக் கவலை. மோட்டார் நின்றதும் மீன் நேரே கீழே போய்க் கல்லில் சாய்ந்துவிடும். வாலை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். "ஐயோ பாவம், ஓட்டமில்லாம ஒடுங்கிப்போச்சே," என்று பெரியப்பா வருத்தப்படுவார். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஒரு டம்ளரை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு மேலேயிருந்து ஊற்றுவேன். மொண்டு மொண்டு ஊற்றுவேன். மீன் எழுந்து நீந்தத் தொடங்கும். ஒருநாள் சாயங்காலம் மின்சாரம் திரும்பி வரும்வரை கை மாற்றி மாற்றி ஊற்றியதில், மறுநாள் பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிக்க முடியவில்லை. நல்ல காரியத்துக்காக வந்த வலி என்று ஒருவரிடமும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வாள். வீட்டில் டவர் கிடைக்காது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறினால்தான் பேசலாம். நானும் அப்பாவும் சாப்பிட்டுவிட்டு அங்கே போய்க் காத்திருப்போம்.

"மீனு எப்டி கீது பாப்பா? தண்ணி கோடு வரைக்கும் கீதா?"

"கீதுக்கா."

அப்பா பக்கத்தில் நின்று கண்ணடிப்பார். வரும்போது பார்த்து அசந்துபோகட்டும் என்பது எங்கள் திட்டம்.

"நீ எப்டி கீறக்கா?"

"நல்லா கீறேன்."

வாராவாரம் அந்தப் பாறையில் நான் ஒரு பொய் சொன்னேன். மறுமுனையில் அவளும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் பொய் மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

மார்கழிக் குளிரில் தொட்டியைச் சுற்றி அப்பாவின் பழைய கம்பளியைப் போர்த்தி வைத்தோம். வெளியே குளிர், உள்ளே அருவி, மீன் விடாமல் நீந்திக்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மா பெருக்கிக்கொண்டிருந்தவர் நின்று தொட்டியைப் பார்த்தார். அம்மா அதை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வாலு கிழிஞ்சிருக்குதே," என்றார். வால் ஓரம் நார் நாராகத்தான் இருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுற தண்ணியில கிழியாதா? கொஞ்ச நாள் போனா கெட்டியாயிடும்," என்றார். அம்மா குப்பையை அள்ளிக்கொண்டு போனார்.

போகிக்கு முதல் நாள் அக்கா வந்தாள். ஜீப்பை விட்டு இறங்கும்போதே ஒருவர் முழங்காலைக் காட்டினார், இன்னொருவர் குழந்தையின் கட்டியைக் காட்டினார். நர்சு வந்துவிட்டதாகவே ஊர் முடிவு செய்துவிட்டது. அக்கா இளைத்திருந்தாள். கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. "டவுனு பொண்ணு மாதிரி ஆயிட்டா," என்று அதையும் பாராட்டினார்கள்.

நான் அவளை இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய்க் கம்பளியை விலக்கிக் காட்டினேன். "பாருக்கா! ஒரு நிமிசம் சும்மா இருக்கறதில்ல!"

அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சிவப்புக் கோட்டைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், நுரைக்கு நடுவே அடித்துக்கொண்டிருந்த மீனைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா இப்டி?"

"நீ போன மறுநாள்லருந்தே."

அவள் என்னைத் திட்டுவாள் என்று அப்போதுதான் பயந்தேன். அவள் திட்டவில்லை. குடத்திலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீரை மொண்டு, மீன்மேல் படாமல் ஓரமாக ஊற்றினாள். கோடு வந்ததும் சத்தம் நின்றது. அது போதாதென்று பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் புதிதாக ஒன்றைக் கிள்ளி, மோட்டார் வாயில் வைத்து நூலால் கட்டினாள். இரண்டரை மாதத்துக்குப் பிறகு வீடு அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. மீன் மெல்ல இறங்கி, கல் பக்கத்தில் ஒருக்களித்து விழுந்தது.

நான் ஓவென்று அழுதேன். "சாவடிச்சுட்ட! நல்லா வெளாடிக்கினு இருந்தத சாவடிச்சுட்ட!"

அப்பாவுக்கும் முகம் வாடிவிட்டது. "ஓட்டத்த நிறுத்தினா மீனு எப்டிம்மா நிக்கும்?"

"அது வெளாடலப்பா," என்றாள் அக்கா. "அதுக்கு நிக்க எடமில்ல."

பொங்கல் வந்து போனது. அக்கா பாதி நேரம் தொட்டிமுன்னேயே உட்கார்ந்திருந்தாள். மீன் ஒருநாள் ஒரு தீனி தின்றது, மறுநாள் துப்பிவிட்டது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நான் தொட்டியருகே காவல் இருந்தபோது, பின்வாசலில் அம்மாவும் அக்காவும் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தின் சத்தம் நின்று நின்று கேட்டது. இடையில் அக்காவின் குரல்.

"கிளாசுல இன்னா சொல்றாங்கன்னே புரியலம்மா. அல்லாம் இங்கிலீசு. புரிஞ்ச மாதிரி தலய ஆட்டிக்கினு உக்காந்திருக்கேன். வார்டுல நின்னுட்டு வந்து புக்கத் தொறந்தா கண்ணு சொருகுது. முடியலம்மா. ஒரு வருசம் வூட்ல இருந்துட்டு அப்பறம் போறேனே."

வெகுநேரம் முறம் மட்டும் பேசியது. பிறகு அம்மா, "ஒங்கப்பா ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரே," என்றார்.

எனக்கும் கணக்குப் பாடம் புரியாது. நானும் தலையாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதனால் அக்கா சொன்னதில் எனக்குப் பெரிதாக எதுவும் படவில்லை. எல்லோருக்கும் இருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டு மீனைப் பார்க்கத் திரும்பினேன்.

கிளம்ப வேண்டிய நாளில் அக்கா கிளம்பவில்லை. "மீனு தேறட்டும், போறேன்," என்றாள். ஜீப் வாசலில் நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அடுத்த நாளும் அதேதான். "மீனுக்காக லீவு போட்ட மொத ஆளு நீதான்," என்று அப்பா சிரித்தார். ஆனால் அவர் வெளியே போய் நிலத்துக்கும் வீட்டுக்கும் காரணமில்லாமல் நடந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, மீனு தேறிடுச்சின்னா அக்கா கெளம்பிடும். பாடம் போய்க்கினு கீது பாரு. நீதான் கொஞ்சம் நல்லா பாத்துக்கணும்."

அவர் அதில் எந்தச் சூதும் வைக்கவில்லை. உண்மையாகவே மீனைப் பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். அன்றும் இன்றும் அவரை நான் அப்படித்தான் நம்புகிறேன். சூது என்று ஒன்று இருந்ததென்றால் அது என்னுடையது.

மூன்றாம் நாள் காலை அக்கா பின்னால் குளித்துக்கொண்டிருந்தாள். நான் சொம்பை எடுத்தேன். பஞ்சை அவிழ்த்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு விரல், இரண்டு விரல், மூன்று, நான்கு. தண்ணீர் தொபதொபவென்று விழுந்தது. கல்லோரம் கிடந்த மீனை அது புரட்டியது. மீன் ஒரு கணம் அப்படியே போனது. பிறகு நிமிர்ந்து, கிழிந்த வாலை அடித்து, தலையைத் தண்ணீருக்கு நேரே திருப்பியது.

"அப்பா! அக்கா! மீனு தேறிடுச்சு! நீந்துது!"

அப்பா ஓடிவந்தார். "ஏறுது! ஏறுது பாரு!" என்று அவர் கத்தியபோது அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மீனைப் பார்த்தாள். அப்புறம் தரையில் என் காலடியில் தேங்கியிருந்த தண்ணீரையும் நான் பின்னால் மறைத்திருந்த சொம்பையும் பார்த்தாள். கடைசியாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கேதான் அதிக நேரம் பார்த்தாள்.

"ஆமாப்பா," என்றாள். "தேறிடுச்சி."

தலை சீவிக்கொள்ள உள்ளே போனாள். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றவர் அங்கேயே நின்றார். மீனைப் பார்க்க வரவில்லை.

மாசி பிறப்பதற்கு முன்பே அந்த மீன் செத்துப்போனது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது அருவிக்கு அடியில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நீந்துகிறது என்றே கொஞ்ச நேரம் நினைத்தேன். அக்கா படிப்பை முடித்தாள். இன்று ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை செய்கிறாள், என்னைப் படிக்க வைத்ததும் அவள்தான். அன்றைக்கு மட்டும் மீன் தேறாமல் போயிருந்தால் என்று அப்பா இன்றும் விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பாள். அந்த நான்கு வருடம் எப்படிப் போனது என்று நான் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "போச்சு," என்றாள். அவளிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதற்கு என்று அவள் கேட்டால் சொல்ல வார்த்தை இல்லாததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

ஆனால் அன்று காலை எனக்கு அப்படி ஒரு பெருமை. அப்பா பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் துள்ளிக்கொண்டு பின்னால் போனேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த அக்கா, வண்டி நகரும்போது தலையை வெளியே நீட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, ராத்திரியிலயாவது அந்த மோட்டார நிறுத்தி வையி."

தண்ணீர்ச் சத்தத்தில் எங்கள் தூக்கம் கெடுகிறதே என்று சொல்கிறாள் என நினைத்தேன். அத்தனை தூரம் போகிறவள் எங்களை நினைத்துக் கவலைப்பட வேண்டாம் என்று தோன்றியது. ஜீப்பின் புழுதிக்குள் கொஞ்ச தூரம் ஓடிக்கொண்டே கத்தினேன்.

"எங்களுக்குப் பழகிடுச்சிக்கா! சத்தமே கேக்கறதில்ல!"